ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வந்தால்...

எங்கள் காஞ்சிபுரத்தில் ஒருவரைப் பற்றி, "காரப்பேட்டைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்" என்று சொன்னால் போதும். என்ன நோய் என்று மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. ஊரை அடுத்த காரப்பேட்டையில்தான் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு அறிஞர் அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அண்ணா 1909இல் இதே காஞ்சியில் பிறந்தவர். முதலமைச்சராக இருந்தபோதே உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு, 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரில் அறுவை செய்துகொண்டவர். அதன்பின் அவர் ஐந்து மாதங்கள்கூட இருக்கவில்லை. 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அந்தத் துயரம் எங்கள் ஊர்க்காரர்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது என்பது என் எண்ணம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதுமே கணக்கை முடித்துவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எனினும் சென்ற ஆண்டு ஒருநாள் மாலை என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்ட கேள்வி, என்னைச் சில மாதங்கள் மருத்துவ ஏடுகளைப் புரட்ட வைத்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது அவருக்கு ஹாட்ஜ்கின் நோய் வந்தது. நிணநீர்க் கணுக்களில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் இது. மருந்தும் கதிர்வீச்சும் பெற்று முற்றிலும் குணமாகி, ஓராண்டு தாமதமாக எங்கள் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெற்றார், வேலைக்குப் போனார், மணம் முடித்தார். இப்போது வயது முப்பத்து நான்கு. விடாத இருமலுக்காக எடுத்த படத்தில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்திருக்கிறது.

"சார், எங்க பெரியப்பா சொல்றார், ஒருதரம் வந்து போனது மறுபடி வந்துட்டா பார்த்துப் பிரயோசனம் இல்லையாம். அது உண்மையா சார்?"

இதற்கு அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பின்னர் படித்தறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். முன்பு புற்றுநோய் வந்தவரின் நுரையீரலில் ஒரு கட்டி தோன்றினால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பழைய நோயின் உயிரணுக்களே எங்கோ ஒளிந்திருந்து இரத்தத்தின் வழியே நுரையீரலில் வந்து குடியேறியிருக்கலாம், இது பரவல். அல்லது நுரையீரலின் சொந்த உயிரணு ஒன்றே கெட்டுப்போய்ப் புதிதாக ஒரு நோயைத் தொடங்கியிருக்கலாம்; இது இரண்டாம் புற்றுநோய். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். ஊசியால் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு, எதிர்காலமும் வேறு. பெரியப்பா சொன்னதில் உள்ள முதல் பிழை இங்கேதான். "மறுபடி வந்துவிட்டது" என்கிறார். வந்தது பழைய நோய்தானா என்பதையே இன்னும் யாரும் பார்க்கவில்லை.

சோதனையில் புதிய நோய்தான் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி அடுத்த கேள்வி. முன்பு புற்றுநோய் வந்தவர், வராதவர் ஆகிய இருவருக்கும் இன்று நுரையீரல் புற்றுநோய் இருக்கிறது. முன்பு வந்தவர் சீக்கிரம் இறந்துவிடுவாரா?

"ஆம், இதில் என்ன சந்தேகம்?" என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். அமெரிக்காவில் 1973 முதல் புற்றுநோயாளிகளின் விவரங்களைப் பெரிய பதிவேட்டில் தொகுத்து வருகிறார்கள். (நம் சென்னையிலும் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்து இத்தகைய பதிவேடு உண்டு.) அமெரிக்கப் பதிவேட்டிலிருந்து, 65 வயதைக் கடந்து, நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த 1,02,929 பேரை எடுத்து, டெக்சாஸ் மாநில ஆய்வாளர்கள் 2015இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு முன்பே வேறொரு புற்றுநோய் வந்திருந்தது. அந்தப் பதினைந்து பேர் மற்றவர்களைவிடக் குறைந்த காலம் வாழவில்லை. சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்திருந்தனர்!

இது எப்படி? முன்பு வந்த நோய் ஆயுளைக் கூட்டுமா? கூட்டாது. இங்கேதான் இயற்பியல் மாணவனுக்குப் பழக்கமான ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். கடிகாரத்தை எப்போது தொடங்கினோம்?

ஒரு பந்து கீழே விழும் நேரத்தை இருவர் அளக்கிறார்கள். ஒருவர் பந்து கையை விட்ட கணத்தில் நிறுத்துகடிகாரத்தை அழுத்துகிறார். மற்றவர் அது பாதித் தூரம் வந்த பிறகு அழுத்துகிறார். பந்து ஒன்றுதான், தரையைத் தொட்ட கணமும் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் அதிக நேரம் சொல்வார். நோயிலும் இதுவே நிகழ்கிறது. நோயாளி எத்தனை காலம் வாழ்ந்தார் என்பதை நோய் தோன்றிய நாளிலிருந்து யாரும் அளப்பதில்லை. அந்த நாள் யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த நாளிலிருந்துதான் அளக்கிறோம். முன்பு புற்றுநோய் வந்தவர் ஆண்டுதோறும் மருத்துவரிடம் போகிறவர், படம் எடுத்துக்கொள்கிறவர். அவரிடம் நோய் சற்று முன்னதாகவே கண்ணில் படும். கடிகாரம் முன்னதாகத் தொடங்கிவிடும். ஒருநாள்கூடக் கூடுதலாக வாழாமலேயே "அதிக காலம் வாழ்ந்தவர்" என்ற பெயர் கிடைத்துவிடும்.

இன்னொரு சூட்சுமமும் இதில் உண்டு. பத்தாம் வகுப்பில் தேறியவர்களைத்தான் பதினொன்றாம் வகுப்பில் பார்க்க முடியும். அவ்வாறே இரண்டாம் புற்றுநோய்க் கணக்கில் இடம்பெற, முதல் நோயில் உயிர்தப்பியிருக்க வேண்டும். முதல் நோயின் கடுமையால் இறந்தவர்கள் இந்தப் பட்டியலுக்குள் வரவே மாட்டார்கள். எஞ்சி வருகிறவர்கள், நோய் எளிதாக அமைந்தவர்களும் உடல் வலிமை உள்ளவர்களுமே. மேற்சொன்ன ஆய்விலும் முந்தைய நோய்களுள் பெரும்பாலானவை உடலில் எங்கும் பரவாத நிலையில் கண்டவை. ஆகவே "கூடுதலாக வாழ்ந்தனர்" என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆனால் "குறைவாக வாழவில்லை" என்பது முக்கியமான செய்தி.

ஏன் குறையவில்லை? ஒரு பானையை எண்ணிப் பாருங்கள். அடியில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. பக்கவாட்டில் ஊசிமுனை அளவு இன்னொன்று. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பெரிய ஓட்டைதான் தீர்மானிக்கும். சிறியது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். முற்றிய நுரையீரல் புற்றுநோய் அந்தப் பெரிய ஓட்டை. முந்தைய நோயின் மிச்சங்கள் ஊசித்துளை. ஆனால் பெரிய ஓட்டையை நன்றாக அடைத்துவிட்டால்? அப்போது தண்ணீரின் கதி ஊசித்துளையின் கையில் போய்விடும். நுரையீரல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டு அறுவை செய்துவிட்டவர்களின் நிலை இதுதான். 2019இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, தொடக்க நிலையில் கண்டவர்களிடையே முந்தைய புற்றுநோய் ஆயுளை ஓரளவு குறைக்கிறது என்றும், முற்றிய நிலையில் அவ்வாறு குறைக்கவில்லை என்றும் காட்டிற்று. முந்தைய நோய் கெடுதல் செய்யுமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பது சரியான கேள்வியே அன்று. எந்த நிலையில், எந்த வயதில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

வயது என்றேன். என் மாணவரின் வயது முப்பத்து நான்கு. மேலே சொன்ன பெரிய ஆய்வு 65 வயதைக் கடந்தவர்களைப் பற்றியது. தாத்தாக்களின் கணக்கைப் பேரனுக்குப் போடலாமா?

போடக்கூடாது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே புற்றுநோய் முதல் நோயாக வந்தபோதும் இரண்டாம் நோயாக வந்தபோதும் ஐந்தாண்டு வாழ்ந்தவர்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டது. நுரையீரல் என்று பிரிக்காமல் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்த கணக்கு இது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் வேறுபாடு நூற்றுக்கு எட்டுப் பேர். 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களிடம் நூற்றுக்கு இருபது பேர். சிறுவர்களிடம் முப்பத்து மூன்று! வயது குறையக் குறைய முந்தைய நோயின் சுமை கூடுகிறது.

சிறியவர்கள் உடல் வலிமை மிக்கவர்கள் ஆயிற்றே, அவர்கள்தானே நன்றாகத் தாங்க வேண்டும் என்று தோன்றும். காரணங்கள் பல. எழுபது வயதுக்காரருக்கு முந்தைய புற்றுநோய் இல்லாவிட்டாலும் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் என்று வேறு பல இருக்கும். அதனால் "வந்தவர்", "வராதவர்" என்ற இரு பிரிவினருக்கும் இடையே இடைவெளி குறைவு. இளைஞர்களில் "வராதவர்" பெரும்பாலும் முழு நலம் உள்ளவர். அவரோடு ஒப்பிட்டால் இடைவெளி பெரிதாகத்தான் தெரியும்.

இன்னொரு காரணத்தைச் சொல்ல எங்கள் ஊர்த் தறியைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். சேலையில் நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே நாடா போட்டு நெய்வது ஊடை. ஊடையில் ஓர் இழை கெட்டிருந்தால் அந்த ஓரிடத்தில்தான் குறை தெரியும். பாவில் ஓர் இழை கெட்டிருந்தால் சேலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கோடாகத் தெரியும்; ஒரே பாவில் அடுத்த சேலையையும் நெய்தால் அதிலும் தெரியும். பெரும்பாலான புற்றுநோய்கள் ஊடைக் குறைகள். பீடிப் புகையாலோ வயதாலோ ஏதோ ஓர் உறுப்பில், ஏதோ ஓர் உயிரணுவில் ஏற்பட்டவை. முதியவருக்கு இரண்டு நோய் வந்தால் அவை இரண்டு தனித்தனி ஊடைக் குறைகளாக இருக்கலாம். நாற்பது வயதுக்குள் ஒருவருக்கு இரண்டு முறை வந்தால் மருத்துவர் பாவைச் சந்தேகிப்பார். அதாவது உடலின் எல்லா உயிரணுக்களிலும் பிறவியிலேயே இருக்கும் மரபணுக் குறையை.

அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறது. லீ, ஃபிராமெனி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1969இல், சில குடும்பங்களில் இளவயதிலேயே வெவ்வேறு புற்றுநோய்கள் தொடர்ந்து வருவதைக் கண்டு எழுதினார்கள். 1990இல் அதற்குக் காரணமான மரபணு தெரிந்தது. அதன் பெயர் பி-53. உயிரணு ஒன்று பழுதுபட்டால், "பழுதைச் சரிசெய்யும்வரை பிரியாதே" என்று தடுத்து நிறுத்தும் காவலாளியை உண்டாக்குவது இந்த மரபணு. காவலாளி இல்லாத வீட்டில் திருட்டு ஒரு முறையோடு நிற்குமா? இத்தகைய குடும்பத்தார் மிகச் சிலரே. இருந்தாலும் முன்பே தெரிந்துவிட்டால் கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்ப்பது போன்ற எச்சரிக்கைகளை மேற்கொள்ள முடியும்.

மூன்றாவது காரணம், முதல் நோய்க்குச் செய்த மருத்துவமே. இதைச் சொல்லத் தயங்கினேன். படிப்பவர்கள் மருத்துவத்துக்கு அஞ்சிவிடக் கூடாதே என்று. ஆனால் உங்கள் வயதினருக்கு உண்மையைச் சொல்லலாம்.

கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே. நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் நாள் ஒன்றுக்கு 2 கிரே வீதம் 30 நாட்கள், ஆக 60 கிரே கொடுப்பார்கள். 60 ஜூல் என்பது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். ஆகவே ஆறு வாரச் சிகிச்சையின் முழு ஆற்றலும் சேர்ந்து திசுவை ஒரு பாகையில் 70இல் ஒரு பங்குதான் சூடாக்கும்! நீங்கள் காலையில் குடிக்கும் ஒரு வாய்க் காப்பி இதைவிட அதிக வெப்பத்தை உள்ளே கொண்டுபோகிறது. அப்படியானால் கட்டி எப்படிக் கரைகிறது? ஆற்றலின் அளவு பெரிதன்று. அது விழும் இடம்தான் பெரிது. கதிர்கள் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கி எறிந்து, உயிரணுவின் நடுவே இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கின்றன. பரவலாகத் தட்டுவது வெப்பம். குறிபார்த்து வெட்டுவது கதிர்.

ஹாட்ஜ்கின் நோய்க்கு முற்காலத்தில் கழுத்து, மார்பு, அக்குள் எல்லாவற்றையும் ஒரு போர்வைபோல மூடிச் சுமார் 40 கிரே கொடுத்தார்கள். அதனால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். அதற்குமுன் அந்நோய் பெரும்பாலும் உயிரைக் குடித்துவந்தது. ஆனால் போர்வைக்குள் நுரையீரலின் ஒரு பகுதியும் இருந்தது. அங்கே அறுந்த டி.என்.ஏ. இழைகளில் சில தவறாக ஒட்டிக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறின. 2002இல் வெளியான ஆய்வு ஒன்று ஹாட்ஜ்கின் நோயிலிருந்து பிழைத்த 19,046 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களுள் 222 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. கதிரின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடிற்று. அதைவிடப் பெரிய செய்தி: புகைபிடித்தவர்களிடம் இரண்டு ஆபத்துகளும் ஒன்றோடொன்று கூடவில்லை, பெருகின. இரண்டும் மூன்றும் ஐந்து ஆவது கூட்டல். ஆறு ஆவது பெருக்கல். எண்கள் பெரிதாகும்போது இந்த வேறுபாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மாணவர் வெளியூரில் வேலை பார்த்த பத்தாண்டுகளில் சிகரெட் பழகியிருந்தார். அவரே தலை குனிந்துகொண்டு சொன்னார்.

இப்போதெல்லாம் ஹாட்ஜ்கின் நோய்க்குப் போர்வை சுருங்கிவிட்டது. நோயுள்ள கணுக்களை மட்டும் குறிவைத்து 20 அல்லது 30 கிரே தருகிறார்கள். பலருக்குக் கதிர்வீச்சே தேவைப்படுவதில்லை. ஆனால் பழைய முறையில் பெற்றவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுக்கு நுரையீரல் நோய் வரும்போது இன்னொரு சிக்கல். இதயமும் தண்டுவடமும் நுரையீரலும் வாழ்நாளில் இவ்வளவு கிரேதான் தாங்கும் என்று எல்லை உண்டு. அதில் ஒரு பகுதியை முன்பே செலவிட்டாயிற்று. இதயத்தை நலிவிக்கும் சில மருந்துகளுக்கும் இத்தகைய வாழ்நாள் எல்லை உண்டு. இளையவரின் கணக்கு மோசமாவதற்கு நோயின் வலிமை மட்டும் காரணமன்று. மருத்துவரின் கையில் மிச்சமிருக்கும் ஆயுதங்கள் குறைவு என்பதும் காரணம்.

ஆயுதங்கள் குறைந்தவர்களுக்கே புது மருந்து அதிகம் தேவை. புது மருந்து முதலில் கிடைப்பது மருந்துச் சோதனைகளில். நம் நாட்டில் மேலைநாடுகளைவிடச் சுமார் பத்து வயது முன்னதாகவே நுரையீரல் புற்றுநோய் வருகிறது; புகையைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. அவர்களுள் கணிசமானவர்களுக்கு இன்று மாத்திரைகளே பலன் தருகின்றன. அந்த மாத்திரைகளும் சோதனைகளைத் தாண்டி வந்தவைதாம். ஆனால் 2014இல் ஒரு குழுவினர் 51 நுரையீரல் புற்றுநோய் மருந்துச் சோதனைகளின் விதிகளைப் படித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு எண்பது சோதனைகள் முன்பு புற்றுநோய் வந்தவர்களை ஏதேனும் ஒரு வகையில் விலக்கி வைத்திருந்தன! காரணம் பெரும்பாலும் ஆராய்ந்து கண்டதன்று. "வந்தவர் சீக்கிரம் இறப்பார், கணக்கு கெடும்" என்ற நினைப்பே. பெரியப்பாவின் அதே நினைப்புதான், வெள்ளை அங்கி அணிந்து. 2015ஆம் ஆண்டு ஆய்வு இந்த நினைப்பைத்தான் அசைத்தது. 2020இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம், முந்தைய புற்றுநோய் ஒன்றை மட்டுமே காரணம் காட்டி எல்லாரையும் விலக்க வேண்டாம் என்று வழிகாட்டிற்று. இளைஞர்களைப் பற்றித் தனியாக அறிய வேண்டுமானால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு பார்ப்பதுதானே வழி?

என் மாணவருக்குத் திசுச் சோதனை செய்தார்கள். பழைய நோய் அன்று, புதியது. அளவில் சிறியது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் தேவைப்படுமா என்ற பேச்சு வந்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பதினேழு ஆண்டுக்கு முன் எந்த இடத்தில், எத்தனை கிரே கொடுத்தார்கள்?" என்பது. அவருக்கு நினைவில்லை. பள்ளிப் பையனுக்கு அதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்?

அவருடைய அம்மா வீட்டுக்குப் போய், சேலை அட்டைகள் வைத்திருந்த டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். பழைய சிகிச்சையின் தாள்கள் அத்தனையும் அதில் இருந்தன. தேதி, மார்பின் வரைபடம், நாள்தோறும் கொடுத்த கதிரின் அளவு, எல்லாம் மருத்துவமனைக் கையெழுத்தில். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த எண்களைக் கூட்டிப் பார்த்துத்தான் மருத்துவர்கள் கதிர்வீச்சைத் தவிர்த்து, அறுவையும் மருந்தும் என்று முடிவு செய்தார்கள். இடது நுரையீரலின் மேற்பகுதியை எடுத்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை படம் எடுத்துக்கொள்ளப் போகிறார். மஞ்சள் பையும் கூடவே போகிறது.